ஐ7 கொம்பியூட்டர் 68,000 ரூபாவாம், எடுக்கலாமா?

கொக்குவில்_தாய் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கொம்பியூட்டர் எனக்குப் பாவிக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. வீட்டில் இருந்த பழைய பெட்டி போன மாரியில் ஒரு இடியோடு சரி. பிளக்கைக் கழற்றாமல் விட்டது நான்தான், இவர் இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

மூத்தவள் ஏ.எல் இல் ஐ.சி.டி எடுக்கிறாள். பைதன் எழுதிப் பார்க்க வேண்டும், வலைப்பக்கம் செய்து பார்க்க வேண்டும், கிழமையில் மூன்று நாள் ஸூம் வகுப்பும் இருக்கிறது. சின்னவனுக்குப் பள்ளிக்கூட வேலை. கேமும் கேட்பான், அதைப் பிறகு பார்ப்போம். இவர் ஊர்ச் சங்கம் ஒன்றின் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறார், கூட்ட அறிக்கை தமிழில் அடிப்பார். எனக்கு இரவில் கனடாவில் இருக்கும் அக்காவோடு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். எங்கள் தேவை இவ்வளவும்தான்.

லப்டொப் வாங்கச் சொல்லித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். வாங்கினால் அது அடுத்த நாளே மூத்தவளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். ஹோலில், எல்லாரும் போய் வருகிற இடத்தில், ஒரு மேசையில் அசையாமல் இருக்கிற ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

மூன்று இடத்தில் விசாரித்தேன். முதல் கடையில் ஒரு துண்டில் எழுதித் தந்ததை அப்படியே போடுகிறேன்: "கோர் ஐ7, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹாட், 19 இஞ்ச் எல்.சி.டி, கீபோர்ட் மவுஸ் இலவசம், 68,000." இரண்டாம் கடையில் புதுப் பெட்டி: ஐ3 12ஆம் ஜென், 8 ஜிபி, 256 எஸ்.எஸ்.டி, 500 வோட்ஸ் கேசிங், மொனிட்டர் இல்லாமலே 138,000. மூன்றாவது, கொழும்பில் இருக்கும் அத்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த டெல் ஒன்று பார்த்து எடுத்து இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்கிறார், விலை இன்னும் சொல்லவில்லை.

3 ஐ விட 7 பெரிது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெரியது எப்படி அரை விலைக்கு வருகிறது? மொனிட்டரோடு சேர்த்து 110,000 க்கு மேல் என்னால் போகமுடியாது.


பழைய_மதர்போர்ட் எழுதியது:

தங்கச்சி, அந்தத் துண்டில் எழுதியதை விட எழுதாமல் விட்டதுதான் பெரிய விஷயம். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் இருபது வருடமாகப் பெட்டி திறந்து மூடுகிறவன், இந்தத் துண்டைக் கிழமைக்கு ஒன்றாவது யாராவது கொண்டுவந்து காட்டுவார்கள். வெறுமனே ஐ7 என்று எழுதித் தருவது, கறுத்தக்கொழும்பான் என்று மட்டும் சொல்லிப்போட்டு எப்போது பிடுங்கின மாம்பழம் என்று சொல்லாமல் விடுகிற மாதிரி.

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் செய்கிற சிப்பின், கொம்பியூட்டரின் மூளையின், பெயர். ஐ7 க்குப் பின்னால் ஒரு இலக்கம் வரும். அதைக் கேளுங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை (கடைக்காரர் ஜென் என்பது இதைத்தான்), ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டும் சேர்த்துத் தலைமுறை. ஐ5-8500 எட்டாவது, ஐ3-12100 பன்னிரண்டாவது. (2023 கடைசியில் இருந்து கோர் அல்ட்ரா என்று இன்டெல் பெயரையே மாற்றத் தொடங்கிவிட்டது, உங்கள் விலைக்குள் அது வராது, விடுங்கள்.) 68,000 க்கு மொனிட்டரோடு ஐ7 என்றால் நான் நினைக்கிறேன் அது ஐ7-2600 ஆகத்தான் இருக்கும். அது 2011 இல் வந்த சிப். ஐ3-12100 வந்தது 2022 இல். நடுவில் பதினொரு வருடம்.

வேடிக்கை என்னவென்றால் கடைக்காரர் வாயால் சொல்கிற கணக்கெல்லாம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டிலும் நான்கு கோர் (சிப்புக்குள் வேலை செய்கிற பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடுகிற வேலை வரிசை). பழையது 3.4 கிகாஹேர்ட்ஸில் தொடங்கி 3.8 வரை போகும், புதியது 3.3 இல் தொடங்கி 4.3 வரை. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் புதியது செய்து முடிக்கிற வேலை கூட, அதனால் ஓட்டிப் பார்த்தால் ஐ3 முன்னுக்குப் போய்விடும். பழையது 95 வோட்ஸ் கணக்கில் செய்தது, புதியது 60, அதனால் சூடும் குறைவு. ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்த வருடத்து வகுப்புக்குள் யார் முதலாம் பிள்ளை என்று சொல்கிற கணக்கு. 2011 ஆம் ஆண்டு வகுப்பின் முதலாம் பிள்ளையை 2022 வகுப்போடு வைத்துப் பார்க்க ஏலாது.

இன்னொன்று. விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிந்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் 13 வரை வரும், அதற்குப் பிறகு வீட்டுப் பாவனைக்கு அதுவும் இல்லை. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். அந்த ஐ7 இல் கடைக்காரர் விண்டோஸ் 11 போட்டுத்தான் தருவார், தெரியும், ஆனால் அது ஒரு சுத்துமாத்து வழியால் ஏற்றியது. ஓடும். அடுத்த பெரிய அப்டேட் வருகிற நேரம் அது உள்ளே விடாது, திரும்பவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

புதிய ஐ3 நல்ல பெட்டிதான், உங்கள் கைக்கு எட்டாது என்பதுதான் குறை. யாராவது அதே பெட்டியை விலை குறைத்துத் தருகிறேன் என்றால் இலக்கத்தின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஐ3-12100 எஃப் என்றால் அதற்குள் படம் காட்டுகிற பகுதி இல்லை, தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கிப் போட்டால்தான் மொனிட்டரில் ஏதும் தெரியும். ஒருவர் இதைத் தெரியாமல் வாங்கி, மொனிட்டர் பழுது என்று மொனிட்டரை மட்டும் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் என்றால் அத்தான் சொல்கிற வழிக்குப் போவேன். மொடல் இலக்கத்தோடு பிறகு எழுதுகிறேன், கடைக்கு ஆள் வந்துவிட்டது.


வடமராட்சியான் எழுதியது:

அண்ணை சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் அக்கா, எல்லாரையும் எட்டாம் தலைமுறைக்குத் துரத்த வேண்டிய அவசியம் இல்லை. நான் நெல்லியடியில் வைத்திருப்பது ஐ5-4590, 2014 ஆம் ஆண்டுச் சாமான். இதிலேயே ஏ.எல் ஐ.சி.டி படித்தேன், கம்பஸ் வேலையும் இதிலேயே ஓடுகிறது. பைதனுக்கு இந்தச் சிப் தாராளம், வீட்டில் பழகுகிற அளவுக்கு அது ஒன்றும் பாரம் இல்லை.

என்னுடையது ஆரம்பத்தில் சரியான ஆமை. சுவிட்சைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி வைத்துக் குடித்து, கோப்பையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் மவுஸ் அசையும். போனில் நேரம் பிடித்துப் பார்த்தேன், 2 நிமிடம் 50 செக்கன். ராம் காணாது என்று நினைத்து 4 ஜிபியை 8 ஆக்கினேன், ஒரு பத்து செக்கன் குறைந்தது. பிறகு ஒரு பழைய நண்பன் கேசிங்கில் காதை வைக்கச் சொன்னான். உள்ளே கறகற என்று சுரண்டுகிற சத்தம். அது ஹாட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 தரம் சுத்துகிறது, ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் ஒரு ஊசி இங்கும் அங்கும் ஓடி அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஒரு தரம் தேட ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு போகும். கேட்கச் சின்னதாக இருக்கும். விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தொடும், பெருக்கிப் பாருங்கள். எஸ்.எஸ்.டி இல் ஓடித் தேட ஊசியும் இல்லை, சுத்தத் தட்டும் இல்லை. 240 ஜிபி எஸ்.எஸ்.டி ஒன்று போட்டேன், 22 செக்கன். சிப் அதே சிப்.

ஆகவே அக்கா, துண்டில் "500 ஜிபி ஹாட்" என்று இருப்பதுதான் என் கண்ணில் குத்துகிறது. 500 பெரிது, 256 சின்னது என்று பார்க்காதீர்கள், இதுவும் உங்கள் 7 க்கும் 3 க்கும் உள்ள கதைதான். விண்டோஸ் எஸ்.எஸ்.டி இல் இருக்கட்டும். படம், கலியாண வீடியோ எல்லாம் நிறைய இருந்தால் பழைய ஹாட் டிஸ்கை இரண்டாவதாகப் போட்டு அதற்குள் தள்ளிவிடலாம்.

விண்டோஸ் 11 பற்றி அண்ணை பயப்படுத்துகிறார். நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன், காசு இல்லை, வைரஸ் தொல்லை இல்லை, ஸூமும் வேலை செய்கிறது. 68,000 க்கு வேண்டாம், ஆனால் நான்காம் தலைமுறைப் பெட்டி ஒன்று 45,000 அளவில் கிடைத்தால் எஸ்.எஸ்.டி போட்டு மின்ட் போட்டு மிச்சக் காசுக்கு நல்ல மொனிட்டர் எடுக்கலாம்.


பழைய_மதர்போர்ட் எழுதியது:

தம்பி, எஸ்.எஸ்.டி கதையில் நீர் சொன்னது நூற்றுக்கு நூறு, அதை நான் முதலே எழுதியிருக்க வேண்டும். லினக்ஸ் உமக்குச் சரி. ஆனால் அந்த வீட்டில் நான்கு பேர், ஒருவருக்கு எக்செல்லில் வருடக்கணக்காக வைத்திருக்கிற சங்கக் கணக்கு. லினக்ஸில் எக்செல்லுக்குப் பதிலாகப் பாவிக்கிற லிப்ரே ஒஃபிஸில் பெரும்பாலும் திறக்கும், ஆனால் ஒரு மாதக் கடைசியில் ஒரு ஃபோர்முலா குழம்பினால் அவர் உம்மைத் தேடி நெல்லியடிக்கு வரமாட்டார், மனுசியைத்தான் பேசுவார். இடிக்கே இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாவாம்.

சரி, மொடல். அத்தானிடம் இதைச் சொல்லுங்கள்: டெல் ஒப்டிபிளெக்ஸ் என்றால் 3060, 5060, 7060 இவற்றில் ஒன்று. எச்பி என்றால் எலைட்டெஸ்க் 800 ஜி4. லெனோவோ என்றால் திங்க்சென்டர் எம்720 அல்லது எம்920. எல்லாம் எட்டாம் தலைமுறை காலத்துப் பெட்டிகள், ஐ5-8500 இருந்தால் ஆறு கோர். வெளிநாட்டில் கந்தோர்களில் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழிக்கும்போது வருகிறவைதான் கூட. கந்தோர்ப் பெட்டியின் நல்ல குணம், விண்டோஸோடு விற்றதென்றால் அதன் லைசன்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே வகை விண்டோஸைப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால் தானே அக்டிவேட் ஆகும், கள்ளச் சாவி தேடித் திரியத் தேவையில்லை. கூடாத குணம், பவர் சப்ளை (உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பகுதி) அவர்களுடைய சொந்த அளவு. போனால் சாதாரணக் கடைச் சாமான் பொருந்தாது, அதே மொடலுக்குத்தான் தேட வேண்டும்.

ஒப்டிபிளெக்ஸ் 7010 என்று யாராவது காட்டினால் வடிவாகப் பாருங்கள். 2012 இல் அந்த இலக்கத்தில் ஒன்று வந்தது, அது மூன்றாம் தலைமுறை. 2023 இல் அதே 7010 என்ற இலக்கத்தைத் திரும்பப் பதின்மூன்றாம் தலைமுறைக்கு வைத்தார்கள். கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியும், போனில் விலை கேட்கிறவருக்குத் தெரியாது.

நேரில் போனால் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பெட்டியைப் போடச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும், அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கம். சி.பி.யு வில் மேல் வலது மூலையில் முழுப்பெயர் இலக்கத்தோடு இருக்கும். மெமரியில், அதாவது ராமில், எத்தனை இடத்தில் எத்தனை நிரப்பியிருக்கிறது என்று காட்டும், 8 ஜிபி ஒரே துண்டாக இருந்து பக்கத்து இடம் வெறுமையாக இருந்தால் நல்லது, பிறகு இன்னொரு 8 போட்டால் இரண்டும் சோடியாக ஓடும். டிஸ்க் எஸ்.எஸ்.டி யா ஹாட்டா என்றும் அங்கேயே எழுதியிருக்கும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யவிடாத கடையில் வாங்க வேண்டாம்.


அச்சுக்கூடத்தாள் எழுதியது:

எல்லாரும் பெட்டிக்குள்ளேயே நிற்கிறீர்கள். நான் டைப்செட்டிங் வேலை, ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் மொனிட்டரைப் பார்க்கிறவள், அதனால் வெளியே இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா, லப்டொப்பில் பழகினவர்கள் மறக்கிற ஒன்று: மேசைக் கொம்பியூட்டருக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கமரா தனியாக வாங்க வேண்டும், மைக் தனி, ஸ்பீக்கர் தனி (கந்தோர்ப் பெட்டி சிலவற்றில் உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், தகரப் பேணிக்குள் இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்கும்). வைஃபையும் அனேகமாக இருக்காது. ரவுட்டர் ஹோலிலேயே இருந்தால் ஒரு வயரை இழுத்துச் செருகிவிடுங்கள், அதுதான் திறம். தூரமென்றால் யு.எஸ்.பி யில் செருகுகிற சின்ன வைஃபை டொங்கிள். உங்கள் வீட்டில் ஸூம் வகுப்பும் கனடா அக்காவும் இருப்பதால் இவை எல்லாம் முதல் நாளே தேவைப்படும். காசு கணக்குப் போடும்போது இதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

மொனிட்டர். 19 இஞ்ச் பழசு வேண்டாம். அந்தக் காலத்து 19 சதுரம் மாதிரி இருக்கும், எக்செல்லில் நாலு நிரலுக்கு மேல் தெரியாது. பாவித்ததென்றாலும் 22 அல்லது 24 இஞ்ச், 1920 க்கு 1080, ஐ.பி.எஸ் என்று எழுதியிருந்தால் எடுங்கள். ஐ.பி.எஸ் என்றால் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிற பிள்ளைக்கும் நிறம் மாறாமல் தெரியும். மற்ற வகையைச் சரித்துப் பார்த்தால் முகம் எல்லாம் கறுத்துப்போகும். வாங்கும்போது முழுவதும் வெள்ளையாக ஒரு பக்கம், முழுவதும் கறுப்பாக ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள், புள்ளி, கோடு இருந்தால் தெரியும்.

பெட்டியின் பின்னால் படம் போகிற துவாரத்தையும் பாருங்கள். கந்தோர்ப் பெட்டிகளில் டிஸ்பிளே போர்ட்தான் கூட, எச்.டி.எம்.ஐ மாதிரியே இருக்கும், ஒரு மூலை மட்டும் சரிவாக வெட்டியிருக்கும். உங்கள் மொனிட்டரில் எச்.டி.எம்.ஐ மட்டும்தான் என்றால் அதற்கு மாற்றுகிற வயர் ஒன்றையும் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பிறகு அந்த ஒரு வயருக்காகத் திரும்பப் பஸ் ஏறுவது மாதிரி எரிச்சல் வேறில்லை.

தமிழ் அடிக்கிறதைப் பற்றி: அவர் பாமினியில் அடிக்கிறவர் என்றால் பழைய அறிக்கைகளைத் திறக்கிற நாளில் எல்லாம் கோழி கிளறின மாதிரி ஆங்கில எழுத்தாக வரும். பயப்பட வேண்டாம், பாமினி ஃபொன்டைப் போட்டால் சரி. ஆனால் இனிமேல் அடிப்பதை யூனிக்கோடில் அடிக்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் போட்டாலும் மெயிலில் போட்டாலும் தமிழாகவே போகும். பாமினி விசைகளிலேயே யூனிக்கோட் அடிக்கிற மென்பொருள்கள் இலவசமாக இருக்கின்றன, கை பழகினதை மாற்றத் தேவையில்லை. விண்டோஸோடும் தமிழ் விசைப்பலகை வருகிறது, ஆங்கில எழுத்தில் amma என்று அடித்தால் தமிழில் வருகிற வகையும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.


பழைய_மதர்போர்ட் எழுதியது:

நல்லாய்ச் சொன்னீர்கள் பிள்ளை. ஒன்று மிச்சம் இருக்கிறது, எனக்குச் சோறு போடுகிறது அதுதான், கரண்ட்.

போன கிழமை ஒரு பெட்டி வந்தது, உரும்பிராய் வீடு, "தானாக நிற்கிறது" என்று. மூடியைக் கழற்றினால் விசிறியின் இதழ் தெரியவில்லை, செம்மண் தூசி படிந்து கம்பளி மாதிரி மூடிப்போய் இருக்கிறது. சோளகம் அடித்த காலம் முழுவதும் சன்னலுக்குக் கீழே தரையில் வைத்திருக்கிறார்கள். மூலையில் இரண்டு பல்லி முட்டை. ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பல்லை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டேன், பெட்டி எழும்பியது, ஆனால் பவர் சப்ளையைத் திறந்தால் கப்பாசிற்றர் இரண்டு வயிறு ஊதி நிற்கின்றன. வெளியே ஸ்டிக்கரில் 600 வோட்ஸ். கையில் தூக்கினால் வெறும் பிஸ்கட் பேணிப் பாரம். கேசிங்கோடு இலவசமாக வருகிறவை அனேகம் இப்படித்தான், அதனால்தான் உங்கள் இரண்டாம் கடையின் "500 வோட்ஸ் கேசிங்" என்ற வரியை நான் நம்பவில்லை. உங்களுடைய பாவனைக்கு 500 தேவையும் இல்லை. கந்தோர்ப் பெட்டி ஒன்றும் மொனிட்டரும் சேர்ந்து சாதாரண வேலைக்கு நூறு வோட்ஸ் தாண்டாது. உண்மையான 200 இருந்தால் போதும், பொய்யான 600 ஐ விட அது மேல்.

யு.பி.எஸ், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பற்றரிப் பெட்டி, ஒன்று கட்டாயம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டின காலம் போய்விட்டது, சரி, ஆனால் 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டது ஞாபகம் இருக்குமே. குரங்குக்கு நேரசூசி இல்லை. எக்செல் திறந்தபடி கரண்ட் போனால் அவருடைய கணக்கு போகும், விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் விண்டோஸே போகும். 650 வி.ஏ போதும். 650 என்பது வோட்ஸ் இல்லை, பெட்டியின் பின்னால் சின்ன எழுத்தில் 360 அல்லது அந்த அளவில் இருக்கும், உங்களுக்கு அதுவே தாராளம். புதிதாக இருக்கும்போது கால் மணித்தியாலம் வரை தாங்கும். அது வேலை செய்ய இல்லை, சேமித்துவிட்டு வடிவாக நிறுத்த. உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பற்றரி ஒன்று இருக்கும், இரண்டு மூன்று வருடத்தில் அது சாகும். பற்றரியை மட்டும் மாற்றலாம், முழு யு.பி.எஸ்ஸை எறிய வேண்டாம். லேசர் பிரின்டரை யு.பி.எஸ்ஸில் கொழுவ வேண்டாம், சூடாக்கும்போது ஒரே இழுவையாக இழுக்கும், அது தாங்காது.

வெறுங்காலோடு நின்று கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் எர்த் சரியில்லை. மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றுகிற அடப்டரில் கொழுவியிருப்பார்கள். முதலில் வயரிங் பாஸிடம் காட்டிச் சுவரைத் திருத்துங்கள்.

இடிக்கு யு.பி.எஸ் உதவாது தங்கச்சி. வானம் கறுத்தால் சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள், அந்த வழியாலும் வரும்.


கொக்குவில்_தாய் எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை முதல் கடைக்குத் திரும்பப் போனேன், மூத்தவளையும் கூட்டிக்கொண்டு. பெட்டியைப் போடச் சொன்னேன், போட்டார்கள். எழும்ப நேரம் எடுத்தது, தம்பி சொன்ன தேத்தண்ணிக் கதை ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு. அந்த மூன்று சாவியையும் அழுத்தினேன். அண்ணை சொன்ன அதே ஐ7-2600. கடையில் நின்ற பெடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு "அன்ரி நீங்கள் ஐ.டி யில் வேலையோ?" என்று கேட்டான். மூத்தவள் அங்கேயே சிரித்துவிட்டாள். அவன் பாவம், பிறகு அவனே உள்ளே போய் "இது ஒன்று நேற்றுத்தான் வந்தது" என்று ஒரு டெல் 5060 ஐத் தூக்கிக்கொண்டு வந்தான். முதலே அதைக் காட்டியிருக்கலாம். ஐ5-8500, 8 ஜிபி ஒரே துண்டு, 256 எஸ்.எஸ்.டி. விண்டோஸ் 11 அக்டிவேட் ஆகி இருந்தது. 22 இஞ்ச் பாவித்த மொனிட்டரோடு 98,000. வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம் போட்டுப் பார்த்தோம், ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி, அதைக் காட்டி டிஸ்பிளே போர்ட் மாற்று வயரைச் சும்மா வாங்கிக்கொண்டோம். ஆறு மாத வரண்டி, பில்லில் எழுதி வாங்கினேன்.

யு.பி.எஸ் 14,000. 112,000 ஆகிவிட்டது, இரண்டாயிரம் கூட. கமரா அடுத்த மாதம் என்றிருந்தோம், அக்கா கனடாவில் இருந்து காசு போடுகிறேன் என்றுவிட்டா. அத்தானுக்குக் கொஞ்சம் கோபம்.

இப்போது ஒரு பிரச்சினை. இரவில் சுவர்ப் பிளக்கைக் கழற்றிவிட்டுப் படுக்கிறேன் (இனி மறக்க மாட்டேன்). காலையில் போட்டால் திகதி 2018 என்று நிற்கிறது, கூகிள் திறந்தால் "இணைப்பு பாதுகாப்பில்லை" என்று சிவப்பாக ஏதோ வருகிறது. வைரஸா? பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவா?


பழைய_மதர்போர்ட் எழுதியது:

திருப்பிக் கொடுக்க வேண்டாம், நல்ல சாமான் எடுத்திருக்கிறீர்கள். வைரஸும் இல்லை. மதர்போர்டில் ஒரு வட்டப் பற்றரி இருக்கிறது, சி.ஆர். 2032, பெரிய பொத்தான் அளவு. பிளக் கழற்றியிருக்கும்போது பெட்டிக்குள் மணிக்கூட்டை ஓட வைக்கிறது அதுதான். பெட்டி செய்த காலத்துப் பற்றரியாக இருக்கும், தீர்ந்துவிட்டது. திகதி பிழைத்தால் கூகிள் காட்டுகிற பாதுகாப்புச் சான்று இன்னும் பிறக்கவே இல்லை என்று கொம்பியூட்டர் நினைக்கும், அதுதான் சிவப்பு.

மணிக்கூடு திருத்துகிற கடையில் இருக்கும். பெட்டியின் கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, பக்க மூடியைத் திறவுங்கள். பற்றரியைப் பிடித்திருக்கிற சின்னக் கொழுக்கியை நகத்தால் தள்ளினால் எழும்பி வரும். புதியதை எழுத்து இருக்கிற பக்கம் மேலே பார்க்க வையுங்கள். பிறகு போடும்போது டெல் என்று எழுத்து வருகிற நேரம் எஃப்2 ஐத் தட்டித் திகதியைச் சரிசெய்துவிட்டு வெளியே வாருங்கள். மூத்தவளைக் கொண்டு செய்விக்கலாம், ஐ.சி.டி தானே படிக்கிறாள்.


கொக்குவில்_தாய் எழுதியது:

போட்டாச்சு அண்ணை. 150 ரூபாதான். மூத்தவள்தான் மாற்றினாள், தம்பியைக் கிட்டவும் விடவில்லை. திகதி நிற்கிறது, கூகிள் வருகிறது. நேற்றுக் கமராவும் வந்து அக்காவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தோம். முதல் பத்து நிமிடம் அவ எங்கள் வீட்டுச் சீலிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா, சொல்லவே இல்லை.